பசித்தவன் கண்ணுக்கு விற்கலாமா?

ஆண்டுதோறும் ஷஅபான் இருபத்தொன்பதாம் நாள் மாலையில், நம் கோல சிலாங்கூரின் மலாவத்திக் குன்றின்மீது பிறை பார்க்கக் கூடுகிறார்கள். நாட்டில் பிறை காண்பதற்கென்று குறிக்கப்பட்ட இடங்களுள் நம் குன்றும் ஒன்று. 1784ஆம் ஆண்டு டச்சுக்காரர் கைப்பற்றிய பழைய கோட்டையும், பின்னாளில் ஆங்கிலேயர் எழுப்பிய கலங்கரை விளக்கமும் இருக்கும் அந்த மேட்டிலிருந்து பார்த்தால், ஆற்றின் முகத்துவாரமும் அதற்கப்பால் மேற்குக் கடலும் தெரியும். அன்றிரவு அரச முத்திரைக் காப்பாளரின் அறிவிப்பு வந்து, மறுநாள் நோன்பென்று தீர்ந்துவிட்டால், அடுத்த நாள் பிற்பகலிலேயே நம் வட்டாரம் முழுவதும் துணிக் கூடாரங்கள் எழுந்துவிடும். கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், தஞ்சோங் காராங், செகிஞ்சான், சபாக் பெர்ணம் என்று ஊருக்கு ஊர் ரமலான் சந்தை. உணவுத் திருவிழா என்று ஒன்றை நம் பகுதியில் காட்டச் சொன்னால், இதைவிடப் பெரியதை என்னால் காட்ட இயலாது.

முதன்முறையாக அங்கே போகும் அன்பர் எதை எதிர்பார்க்கலாம்? பிற்பகல் மூன்று, நான்கு மணிக்குக் கடைகள் திறக்கும். அஸர் தொழுகை முடிந்ததும் கூட்டம் சேரும். ஐந்தரை மணிக்கு மேல் நடக்க இடமிராது. மக்ரிப் பாங்கு ஏழேகால், ஏழரைக்குள் ஒலிக்கும். அதற்கு அரைமணி முன்னதாகவே சந்தை கலைந்துவிடும். சாத்தே சுடும் புகை ஒரு பக்கம். தேங்காய்ப்பாலில் தோய்த்துச் சுட்ட ஆயாம் பெர்சிக் ஒரு பக்கம். முட்டையும் இறைச்சியும் பொதிந்த முர்தபா, ரொட்டி ஜோன், மீ கோரேங், சுட்ட மீன், இலைத் தொட்டியில் ஊற்றிய தெப்போங் பெலித்தா, பச்சையும் சிவப்பும் மஞ்சளுமாய்ப் பெரிய கண்ணாடிப் பாத்திரங்களில் நிறைந்த பானங்கள். நம்மவர் கடையில் வடை, சம்மூசா, கடற்பாசி. நண்டும் இறாலும் பாசிர் பெனாம்பாங் கரையிலிருந்து அன்றைக்கே வந்திருக்கும். பெய்தால் மழையும் பெய்யும். குடை கொண்டு போவது நல்லது. வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. பொறுமையையும் கொண்டு போவது அதைவிட நல்லது.

இவையெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த செய்திகள். ஆனால், இந்தச் சந்தைக்கு மட்டுமே உரிய ஒரு விசித்திரம் உண்டு. அதை நாம் யாரும் நின்று யோசித்ததாகத் தெரியவில்லை.

உலகில் எந்த உணவுச் சந்தைக்குப் போனாலும், வாங்குபவன் ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு வாங்கலாம். விற்பவனும் சமைக்கும்போது உப்புப் பார்த்திருப்பான். ரமலான் சந்தையில் மட்டும் இரண்டுமில்லை. வாங்குகிறவர் நோன்பாளி, நாவால் சோதிக்க முடியாது. சமைத்தவரும் நோன்பாளி. தேவை ஏற்பட்டால் நுனி நாவில் வைத்துப் பார்த்து உமிழ்ந்துவிடலாம் என்று மார்க்க அறிஞர்கள் இடம் கொடுத்திருந்தாலும், பெரும்பாலோர் அதையும் தவிர்த்துக் கைப்பழக்கத்தை நம்பியே உப்பிடுகின்றனர். ஆக, ருசி என்ற ஒன்றை விற்கும் சந்தையில், விற்பவருக்கும் ருசி தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. வாங்குபவரிடம் இருப்பவை கண்ணும் மூக்கும் பதின்மூன்று மணி நேரப் பசியும்தான். விற்பவரிடம் இருப்பது அந்தப் பசியைப் பற்றிய அறிவு.

இங்கேதான் என் கேள்வி பிறக்கிறது. பசித்தவனின் வயிற்றுக்கு உணவு விற்பது நம் தொழில். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பசித்தவனின் கண்ணுக்கு விற்கலாமா? அவன் வயிறு இரண்டு கேட்கும்போது கண் ஆறு கேட்கிறது. அது கண்ணின் கேள்விதான் என்பது அவனுக்கு அந்த நேரத்தில் தெரியாது, நமக்குத் தெரியும். தெரிந்துகொண்டே ஆறு கட்டிக் கொடுத்துப் பணத்தை வாங்கிப் போடுவது வியாபார சாமர்த்தியமா, அல்லது வேறு பெயர் அதற்கு உண்டா?

ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். சுமார் முப்பது வருஷங்களுக்கு முன் நான் இளைஞனாக இருந்தபோது, பத்தாங் பெர்ஜுந்தையில் ஒரு பெரியவரின் முர்தபாக் கடையில் நோன்பு மாதம் முழுவதும் உதவிக்கு நின்றேன். அவ்வூருக்கு 2007ஆம் ஆண்டு முதல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர். பெரியவர் இராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து சிறு வயதில் வந்தவர். அவரை நாங்கள் நானா என்றே அழைப்போம். ஊரைச் சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். 1917ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்நாட்டிலேயே முதன்முதலாக வியாபார நோக்கில் செம்பனை பயிரிட்ட தென்னமரம் தோட்டம் அங்கேதான் இருக்கிறது. பெயரிலேயே நம் தமிழ் இருக்கும் அத்தோட்டத்திலும் அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலும் பல தலைமுறைகளாக நம் ஜனங்கள் உழைத்தார்கள். நான் சொல்லும் காலத்தில் அவர்களிற் பலர் பட்டணங்களுக்குப் பெயரத் தொடங்கியிருந்தனர். லயன் வீடுகளில் பங்களாதேஷ் தொழிலாளர்கள் குடியேறிக்கொண்டிருந்தனர்.

அன்று சம்பள நாள். மாலை ஆறு மணியிருக்கும். பங்களாதேஷ் இளைஞன் ஒருவன் வந்து, ஆறு முர்தபா வேண்டுமென்று விரலைக் காட்டினான். நான் காகிதத்தை விரித்தேன். நானா என் கையைப் பிடித்து நிறுத்தி, தமக்குத் தெரிந்த மலாயில், "வீட்டில் எத்தனை பேர்?" என்று அவனைக் கேட்டார். தான் ஒருவன்தான் என்றான் அவன். நானா இரண்டை மட்டும் கட்டிக் கொடுத்து, "நாளைக்கும் கடை இருக்கும், அப்பா" என்றார்.

அந்த இளைஞனின் முகம் சுருங்கிவிட்டது. பணம் கொடுக்க வக்கில்லாதவன் என்று தன்னை நினைத்துவிட்டார்களோ என்று எண்ணினான் போலும். நோட்டுகளை எடுத்துக் காட்டினான். பிறகு இரண்டுக்கும் பணத்தைக் கொடுத்துவிட்டு, நேராகப் பக்கத்துக் கடைக்குப் போய் இன்னும் நான்கை வாங்கிக்கொண்டு எங்கள் முன்னாலேயே நடந்து போனான்.

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் வந்தன. "என்ன நானா, நான்கு முர்தபாவின் காசு பக்கத்துக் கடைக்குப் போனதுதான் மிச்சம்" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. மாவைத் தட்டிக்கொண்டே, "அவன் வாங்கியது அவன் பாடு தம்பி. நான் கேட்காமல் விட்டிருந்தால் அது என் பாடாகியிருக்கும்" என்றார். சற்று நேரம் கழித்து, "ஆனால் அவன் முகம் வாடியது என் தப்புத்தான். அவனிடம் மட்டும் கேட்டேன் பார். இனி எல்லாரிடமும் கேட்க வேண்டும்" என்றார்.

மறுநாளிலிருந்து காரில் வருகிறவரிடமும் கேட்டார், சைக்கிளில் வருகிறவரிடமும் கேட்டார். சிலர் சிரித்தார்கள். சிலர், "ஏன், கொடுக்க மாட்டீரோ?" என்று முறைத்தார்கள். பலர் ஒரு கணம் நின்று விரலை மடக்கி எண்ணிவிட்டு, "ஐந்து வேண்டாம், மூன்று போதும்" என்றார்கள். அந்த இளைஞன் மீண்டும் வந்தானா என்று கேட்பீர்கள். வந்தான். பெரும்பாலான நாட்களில் இரண்டு வாங்கினான். ஆறு வாங்கிய ஒரு நாளில், "இன்று நாங்கள் மூவர்" என்று கேட்பதற்கு முன் அவனே கணக்குச் சொன்னான்.

அன்று எனக்கிருந்த எரிச்சல் இன்று இல்லை. ஆயினும் நானா செய்தது சரிதானா என்பதை உணர்ச்சியை விலக்கிவிட்டு யோசிக்க வேண்டும். ஏனெனில், அதற்கு எதிராகச் சொல்லக்கூடிய வாதங்கள் அற்பமானவை அல்ல.

முதல் வாதம் இது: "வாங்குகிறவன் குழந்தையல்லன், அவன் மனம் ஒப்பிக் கேட்கிறான், நான் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை." வியாபாரத்துக்கு இரு தரப்பாரின் சம்மதமும் அவசியம் என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை விதி. அந்தச் சம்மதம் இருக்கிறதே, பிறகென்ன என்பது இவ்வாதம்.

சம்மதம் அவசியம், ஆனால் அது போதுமா? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது 'இஹ்யா'வில் வியாபார ஒழுக்கத்தைப் பற்றி எழுதுமிடத்தில் ஒரு செய்தியைச் சொல்கிறார்கள். பஸராவில் யூனுஸ் இப்னு உபைத் (ரஹ்) என்ற துணி வியாபாரி இருந்தார். நானூறு திர்ஹம் விலையுள்ள ஆடைகளும் இருநூறு திர்ஹம் விலையுள்ள ஆடைகளும் அவர் கடையில் இருந்தன. அவர் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் ஒரு நாட்டுப்புறத்து அரபி வந்து நானூறு திர்ஹத்தில் ஆடை கேட்டார். கடையிலிருந்த சகோதரர் மகன் இருநூறு திர்ஹத்து ஆடையை எடுத்துக் காட்ட, அது அவருக்குப் பிடித்துப்போய் நானூறு கொடுத்து வாங்கிச் சென்றார். வழியில் யூனுஸ் எதிர்ப்பட்டு, ஆடையை அடையாளம் கண்டு, விலையை விசாரித்து, அவரைத் திரும்ப அழைத்தார். அந்த அரபியோ, எங்கள் ஊரில் இது ஐந்நூறு பெறும், எனக்குத் திருப்திதான் என்றார். யூனுஸ் விடவில்லை, கடைக்கு அழைத்து வந்து இருநூறைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சகோதரர் மகனைக் கடிந்தார். அவன் சொன்ன பதில், வாங்கியவர் மனம் ஒப்பித்தானே வாங்கினார் என்பது. உனக்கு எதை விரும்புவாயோ அதை அவருக்கும் நீ விரும்பியிருக்க வேண்டாமா என்று யூனுஸ் கேட்டார்.

அந்த இளைஞன் சொன்ன சமாதானத்தை நாம் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அதே இடத்தில் இமாமவர்கள் இன்னொன்றும் கூறுகிறார்கள்: வாங்குபவர் ஆசை மிகுதியாலோ அப்போதைய அவசரத் தேவையாலோ வழக்கத்துக்கு மேற்பட்ட லாபத்தைத் தாமே தர முன்வந்தாலும், அதை ஏற்காமல் விடுவது நன்மையின் மேல்படியாகும். ஏற்பது ஹராம் என்று அவர்கள் சொல்லவில்லை. நீதிக்கு மேலே ஒரு படி இருக்கிறது, அங்கே ஏறிப் பார் என்கிறார்கள். பேச்சு விலையைப் பற்றியதுதான். ஆனால் ஆசையும் அவசரமும் நிறைந்த ஒருவரிடம் அளவை மீறி விற்பதற்கும் அதே தராசு பொருந்தும் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

மனம் ஒப்பித்தானே என்ற இந்தச் சமாதானத்தை நம் சிலாங்கூர் தோட்டங்களும் அறியும். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பளத்தோடும் பள்ளிக்கூடத்தோடும் சேர்த்து அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதாகும். குடிக்கிறவர்களே கடையை மூடு என்று கேட்டார்கள்! தாகத்தையும் அலுப்பையும் அறிந்தவன் கடையை வாசலில் வைத்தால், விரும்பி வாங்குகிறவனும் ஒரு வகையில் தள்ளப்பட்டே வாங்குகிறான் என்பதை அவர்கள் அனுபவத்தில் கண்டிருந்தார்கள். கள் ஹராம், முர்தபா ஹலால். இரண்டையும் நான் ஒன்றாக்கவில்லை. நான் சொல்வது இவ்வளவே: "அவனாகத்தான் வாங்கினான்" என்ற ஒரே சொல்லில் விற்றவனின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை.

இரண்டாம் வாதம் கௌரவத்தைப் பற்றியது. "வீட்டில் எத்தனை பேர் என்று கேட்க நீ யார்? அவர் பள்ளிவாசலுக்கு வாங்குகிறாரோ, அண்டை வீட்டு விதவைக்கு வாங்குகிறாரோ, உனக்கென்ன தெரியும்? தாராளத்தைத் தடுக்கும் அதிகாரத்தை உனக்கு யார் தந்தது?" இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. நோன்பாளிக்கு உணவளிப்பதன் நன்மையை நாடி நிறைய வாங்குவோர் நம்மிடையே பலர். ஆகையால்தான், கேட்பது வேறு, மறுப்பது வேறு என்கிறேன். நானா அந்த இளைஞனுக்கு மற்ற நான்கைக் கொடுக்காமல் விட்டதை நான் இன்று அப்படியே பின்பற்றமாட்டேன். கேட்பேன், அவர் எண்ணிப் பார்ப்பதற்கு ஒரு கணம் கொடுப்பேன், அதன் பின்னும் ஆறு என்றால் ஆறைக் கட்டுவேன். பசித்த கண்ணுக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு கேள்வியை வைப்பது விற்பவனின் கடமை. முடிவு வாங்குபவனுடையது.

மூன்றாவதுதான் நம் வியாபாரிகள் வாய்விட்டுச் சொல்லும் வாதம். அதுவே கனமானதும் ஆகும். "ஆண்டில் ஒரு மாதம். இட வாடகை கொடுத்தாயிற்று, உரிமம் எடுத்தாயிற்று, கோழியும் எண்ணெயும் விற்கும் விலை உமக்குத் தெரியும். ஒரு மழை பெய்தால் அன்றைய முதலே போயிற்று. இதில் வாங்க வந்தவரைக் குறைத்து வாங்கச் சொல்ல வேண்டுமா?" இவ்வாறு கேட்பவரைப் பேராசைக்காரர் என்று நான் சொல்லமாட்டேன். பெருநாளைக்குப் பிள்ளைகளுக்குத் துணி எடுப்பதற்காக அடுப்பு முன் நிற்பவர் அவர். அவரிடம் நான் சொல்லக்கூடியது தியாகம் செய்யுங்கள் என்பதன்று. உம் கணக்கை மாதம் முழுவதற்கும் போட்டுப் பாரும் என்பதே. முதல் வாரத்தில் ஆறு வாங்கி நான்கைக் குப்பையில் போட்டவர் இரண்டாம் வாரத்தில் என்ன செய்கிறார்? அவர் வீட்டு அம்மாள், "சந்தைப் பக்கமே போகாதீர்கள்" என்று சொல்லிவிடுகிறார். நோன்பின் பிற்பகுதியில் சந்தையில் கூட்டம் மெலிவதற்குப் பெருநாள் வேலைகள் மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. ஏமாந்த நினைவும் ஒரு காரணம்.

ஏமாற்றம் என்றேன். என் சொந்த அனுபவமே ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், நம் பகுதிச் சந்தை ஒன்றில், தங்க நிறத்தில் பளபளத்த முர்தபாக்களை நானும் என் கண்ணுக்காகவே வாங்கினேன். வீட்டில் பிரித்தால் உள்ளே வெங்காயமும் காற்றும். இறைச்சியைத் தேடி என் பேரன், "ராதா, எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டான். ருசி பார்க்க முடியாதவனிடம் அப்படி விற்பதற்கு என்ன பெயர்? பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனத்துச் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்து, அடியில் ஈரம் தட்டியபோது, மழையில் நனைந்துவிட்டது என்று சொன்ன வியாபாரியிடம், ஜனங்கள் காணும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட செய்தி நாம் யாவரும் அறிந்ததே. நம் சந்தையில் வாங்குபவரின் நாவு கட்டப்பட்டிருக்கிறது; குவியலுக்குள் கைவிட்டுப் பார்க்க அவரால் முடியாது. அவருடைய கையாக நாமே இருந்தாக வேண்டும்.

வாங்கியது அதிகமானால் எங்கே போகிறது என்பதையும் பார்த்துவிடுவோம். நம் நாட்டில் நாளொன்றுக்குச் சுமார் 17,000 டன் உணவு குப்பைக்குப் போவதாகவும், அதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இன்னும் உண்ணத்தக்க நிலையிலேயே எறியப்படுவதாகவும் திடக்கழிவு நிர்வாகக் கழகம் கணக்குச் சொல்லியிருக்கிறது. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்போ, 2022ஆம் ஆண்டில் உலகில் வீணான உணவு நூறு கோடி டன்னுக்கும் மேல் என்று கணக்கிட்டது. இந்தப் பெரிய எண்கள் மனத்தில் தங்குவதில்லை. நமக்கு அருகிலிருக்கும் ஒன்றைப் பாருங்கள். தஞ்சோங் காராங்கிலிருந்து செகிஞ்சான் வழியாகச் சபாக் பெர்ணம் வரை போகிறவர் கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல் பார்க்கலாம். 1930களில் சதுப்பு நிலத்தைத் திருத்தி, பெர்ணம் ஆற்று நீரைக் கால்வாயில் திருப்பி உண்டாக்கிய வயல்கள் அவை. அந்த வயலோரத்து ஊர்களிலேயே இரவு பத்து மணிக்குக் குப்பைத் தொட்டியில் கட்டுப் பிரிக்காத சோற்றுப் பொட்டலம் கிடக்கிறது. நோன்பு எதற்காக வந்ததோ, அதற்கு நேர் விரோதமான காட்சியை நோன்பு மாதத்திலேயே காண்கிறோம். உண்ணவும் பருகவும் அனுமதித்த திருமறை விரயத்தைத் தடுத்திருப்பதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இனி, கேள்வி கேட்பதோடு வேறென்ன செய்யலாம்? நம்மவர் கைக்கு எட்டும் சில காரியங்களைச் சொல்கிறேன்.

சிறிய அளவும் விற்பனைக்கு இருக்கட்டும். முழு முர்தபாவுக்குப் பக்கத்தில் அரை முர்தபாவையும் வையுங்கள். தனியாள் ஒருவர், லயனில் தங்கும் தொழிலாளி, பிள்ளைகளெல்லாம் கோலாலம்பூர் போய்விட்ட வயோதிகத் தம்பதியர், இவர்களுக்கு முழுசு அதிகம். அரைக்கு வழியில்லாததால்தான் முழுசு வாங்குகிறார்கள். விலையை எழுதித் தொங்கவிடுவது சட்டத்துக்காக மட்டுமன்று. விலை தெரியாமல் கேட்டு, தெரிந்த பின் வேண்டாமென்று சொல்ல வெட்கப்பட்டு வாங்கிச் செல்வோரின் வெட்கத்தில் நாம் லாபம் பார்க்கலாகாது.

சமைத்த நேரத்தை மறைக்காதீர்கள். சமைத்த நாலு மணி நேரத்துக்குள் உண்ண வேண்டும் என்று சுகாதார அமைச்சு ஆண்டுதோறும் சொல்கிறது. பகல் ஒரு மணிக்கு இறக்கிய தேங்காய்ப்பால் குழம்பை ஐந்து மணிக்கு விற்றால், அவர் ஏழரைக்கு வாயில் வைக்கும்போது ஆறரை மணி நேரம் ஆகியிருக்கும். நம் சந்தையில் விற்கும் நேரம் வேறு, உண்ணும் நேரம் வேறு. ஆகவே நேரத்தை நோன்பு திறக்கும் வேளையிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். பிந்திச் சமையுங்கள், பகுதி பகுதியாகச் சமையுங்கள், மழை வந்தாலும் நஷ்டம் குறையும். உணவைக் கையாள்வோர் பயிற்சி பெறுவதும் டைபாய்டுத் தடுப்பூசி போடுவதும் 2009ஆம் ஆண்டு உணவுத் தூய்மை விதிகளின்படி கட்டாயம். ஒரு மாதக் கடைதானே என்று அதை ஒதுக்குவது, நம்பி உண்பவரின் உடலை வைத்துச் சூதாடுவதாகும்.

மிஞ்சியதைப் பற்றி ஒரு வார்த்தை. மக்ரிபுக்கு அரைமணி முன்னால் விலையைக் குறைத்தால், நாளை எல்லாரும் அந்த அரைமணிக்கே வருவார்கள் என்று நம்மவர் அஞ்சுகிறார்கள். அஞ்சுவது நியாயமே. அப்படியானால் குறைக்க வேண்டாம், கொடுத்துவிடுங்கள். ஆனால் கெட்டுப்போகும் தறுவாயில் இரவு பதினொரு மணிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது தர்மமாகாது. அது நம் குப்பையை இன்னொருவர் வாசலில் இறக்குவதாகும். ஆறே முக்காலுக்கே, சூடு ஆறுமுன், பள்ளிவாசலில் நோன்பு திறக்கக் காத்திருக்கும் வழிப்போக்கருக்கும், பக்கத்து லயனுக்கும் போய்ச் சேரட்டும். லயனில் இருப்பவர் நோன்பாளியா, முருகனைக் கும்பிடுகிறவரா என்று பார்க்க வேண்டாம். நம் முன்னோரின் கடைகளை இத்தோட்டங்களில் வாழவைத்தவர்களில் அவர்களும் உண்டு. இன்றும் ரமலான் சந்தைக்குத் தோட்டத்து இந்துக் குடும்பங்கள் பிள்ளைகளோடு வருகின்றன. அவர்கள் நோன்பிருக்கவில்லை, ஆயினும் கண் எல்லாருக்கும் ஒன்றுதான். அவர்களிடமும் அதே கேள்வி, அதே மரியாதை.

வாங்கச் செல்லும் அன்பர்க்கும் ஒரு சொல். என்ன வாங்குவதென்று மாலை ஐந்து மணிக்கு முடிவு செய்யாதீர்கள். ஸஹர் சாப்பிட்டு முடித்ததும், வயிறு நிறைந்திருக்கும்போது ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். மாலையில் அந்தச் சீட்டோடு போங்கள். நிறைந்த வயிறு எழுதியதைப் பசித்த கண் திருத்த இடம் கொடுக்காதீர்கள். கடைக்காரர், "வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டால் கோபிக்காதீர்கள், ஓர் உறவினர் கேட்டதாக எண்ணிப் பதில் சொல்லுங்கள்.

இந்தக் கேள்வி நானா கண்டுபிடித்ததன்று என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. நம் ஊர்களில் விருந்தென்றால் சஹன் வைப்போம். ஒரு தாலத்தைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, அவரவர் பக்கத்தில் உள்ளதை அவரவர் எடுத்து உண்போம். அதில் கை வைத்தவனுக்கு யாரும் அளவு சொல்வதில்லை. எதிரே மூன்று கைகள் இருப்பதைப் பார்த்து அவனே அறிந்துகொள்கிறான். தோட்டத்துக் கோயில் அன்னதானத்திலும் பரிமாறுகிறவர் இலையைப் பார்த்துத்தான் அகப்பையைச் சாய்க்கிறார். சந்தையில் தாலமும் இல்லை, இலையும் இல்லை. காகிதத்தில் சுற்றி, பையில் போட்டு, பணத்தை வாங்கி அனுப்பிவிடுகிறோம். இப்போதெல்லாம் கைத்தொலைபேசியைக் காட்டினாலே பணம் வந்துவிடுகிறது, முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. அந்தப் பொட்டலம் எத்தனை கைகளுக்கு நடுவில் பிரிக்கப்படும் என்பதை விற்பவர் அறிய வேறு வழியே இல்லை, கேட்டால்தான் உண்டு.

நானா இன்று இல்லை. அவருடைய கடை இருந்த இடத்தில் ரமலான்தோறும் வேறு யாரோ கடை போடுகிறார்கள். வரும் நோன்பில் அன்பர்கள் தத்தம் கடைகளில் ஒரு வாரமாவது அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்து, கல்லாவில் எவ்வளவு குறைந்தது, மாதக் கடைசியில் எவ்வளவு நின்றது என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். அடுத்த பொதுக்கூட்டத்தில், இன்ஷா அல்லாஹ், அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு பேசுவோம்.

வஸ்ஸலாம்.